ஊர் ஒப்பாத காதலை நாவலாக எழுதுவது எப்படி?

காதலர்கள் இருவரும் நன்றாக வந்திருப்பார்கள். முதல் பார்வை, பேருந்து, மழை, இரவு பன்னிரண்டு மணிக்கு வரும் வாட்ஸ்அப் எல்லாம் இருக்கும். பத்தாவது அத்தியாயத்தில் பெண்ணின் அப்பா வருவார். முறுக்கு மீசை, வெள்ளை வேட்டி, பின்னால் நாலு அடியாள். அந்த இடத்தில் நாவல் படுத்துவிடும். புதியவர்கள் எனக்குப் படிக்க அனுப்பும் பிரதிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். என் முதல் நாவலிலும் இதையேதான் செய்தேன். படித்துவிட்டு ஒரு வாசகி எழுதினார்: "அந்த அப்பா இவ்வளவு கெட்டவர் என்றால் அவள் முதல் நாளே கிளம்பிப் போயிருக்கலாமே, எதற்கு நாற்பது அத்தியாயம் அழுதாள்?" எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான்.

வீடும் ஊரும் ஒப்பாத ஒரு காதலை முதல் நாவலாக எழுத உட்காருகிறவர்களுக்காக, நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். சும்மா சொன்னால் மனதில் நிற்காது. அதனால் ஒரு கதையைக் கூடவே கட்டிக்கொண்டு போவோம்.

முதல் படி: ஒரு தடை போதும், அது எது என்று தெரிந்திருக்க வேண்டும்

நம் குடும்ப நாவல்களில் தடை என்றாலே "அந்தஸ்து" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அவன் ஏழை, அவள் பணக்காரி. ஆனால் அந்த ஏழைப் பையன் சொந்த சாதியில் படித்து வேலைக்குப் போனவனாக இருந்தால், பல வீடுகளில் ஆறு மாதம் முறைத்துவிட்டுக் கல்யாண மண்டபம் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். இது எழுதுகிறவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும். தெரிந்தே சொல்லாமல் விட்டால் அழுகை எல்லாம் பொய்யாகிவிடும்.

சாதி, மதம் இரண்டும் பெரிய தடைகள். அவை மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். சொந்த சாதிக்குள்ளேயே பங்காளி முறை என்று ஒன்று இருக்கிறது. மாமன் மகளைக் கட்டலாம், பெரியப்பா மகளை ஏறிட்டும் பார்க்கக் கூடாது. கொங்குப் பக்கத்தில் ஒரே கூட்டத்துக்குள், அதாவது ஒரே குலத்துக்குள், பெண் எடுப்பதில்லை. முன்பின் பார்த்தே இராத இரண்டு பேர் கோயமுத்தூரில் ஒரே கம்பெனியில் வேலை செய்து, விரும்பி, வீட்டில் சொல்லப் போகும்போது "அவன் உனக்கு அண்ணன் முறை ஆகுது பாப்பா" என்று அப்பத்தா சொன்னால் அது எத்தனை பெரிய இடி! இதை எழுதினவர்கள் குறைவு. கணவனை இழந்த பெண்ணின் காதல், தன்னைவிட இளையவனை விரும்பும் பெண், இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள், இவையும் இருக்கின்றன. இவற்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். இரண்டு மூன்றை ஒன்றாகப் போட்டுக் குழைத்தால் எதுவும் ஆழமாகாது.

நம் கதைக்குச் சாதியை எடுத்துக்கொள்வோம். சாதிப் பெயரை எழுத வேண்டுமா என்று கேட்பார்கள். எழுதலாம், எழுதாமலும் விடலாம். அடையாளங்களைத்தான் விடக் கூடாது. யாரும் நேராக "நீ என்ன சாதி" என்று கேட்பதில்லை. "எந்த ஊரு? ஊருக்குள்ள எந்தத் தெரு?" என்பார்கள். "குலசாமி எது?" என்பார்கள். வாடகைக்கு வீடு கேட்டால் "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" என்று ஆரம்பிப்பார்கள். தென் மாவட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் கையில் கட்டும் கயிற்றின் நிறத்துக்குக்கூடச் சாதி உண்டு. நீதிபதி சந்துரு குழு 2024இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொல்லும் அளவுக்கு இது நம் பிள்ளைகளின் அன்றாடமாக இருக்கிறது. உங்கள் கதாநாயகன் பத்தாம் வகுப்பில் எந்த நிறக் கயிறு கட்டியிருந்தான், அதை எப்போது அறுத்தான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் படி: ஊரும் தொழிலும்

"ஒரு அழகான கிராமம்" என்று தொடங்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஊரை எடுங்கள். நான் போடிநாயக்கனூரை எடுக்கிறேன். ஏலக்காய் வாசனை அடிக்கும் ஊர். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலம் நடக்கிற இடம். விடியும் முன்பே ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலைப்பாதையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் கேரளத்துத் தோட்டங்களுக்குப் போகும். கிடங்குகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். நல்ல பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம்.

நிவேதாவின் அப்பா ஏலக்காய் வியாபாரி. அவரிடம் ஒரு கிடங்கு இருக்கிறது. அருணின் அம்மா அந்தக் கிடங்கில் இருபது வருடமாகக் காய் பொறுக்குகிறார். அருண் மருத்துவப் பரிசோதனைக் கூட நுட்பனருக்குப் படித்துவிட்டு, க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ரத்தம் எடுக்கிற வேலையில் இருக்கிறான். நிவேதா பி.காம். முடித்துவிட்டு அப்பாவின் கணக்கைப் பார்க்கிறாள்.

இவர்களின் தொழிலைத் தீர்மானித்ததும் கதை பாதி தானாக நகர ஆரம்பித்துவிட்டதைப் பாருங்கள். சனிக்கிழமை சாயங்காலம் அருணின் அம்மாவுக்குக் கூலி எண்ணிக் கொடுப்பது நிவேதாதான். இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் உங்களுக்கு ஒரு காட்சி இருக்கிறது.

மூன்றாம் படி: எதிர்க்கிறவரை நேசியுங்கள்

என்னைக் கேட்டால் நாவல் நிற்பதும் விழுவதும் இங்கேதான். உங்கள் நாயகி தன் அப்பாவை எவ்வளவு நேசிக்கிறாளோ அவ்வளவுக்குத்தான் உங்கள் தடை வலுவாக இருக்கும். வெறுக்கத்தக்க ஒருவரைப் பிரிவது துக்கமே கிடையாது.

அதனால் காதலைப் பற்றி ஒரு வரி எழுதும் முன் அப்பாவைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதிப் பாருங்கள். நாவலில் வராவிட்டாலும் பரவாயில்லை. நிவேதாவின் அப்பா அவளை ஏழு வயதில் கிடங்குக்குத் தூக்கிப்போய் மூட்டை மேல் உட்காரவைத்தவர். கண்ணை மூடிக்கொண்டு கையில் எடுத்தே காயின் தரம் சொல்லக் கற்றுக்கொடுத்தவர். "எம் பொண்ணு கணக்குல ஒத்தக் காசு பிசகாது" என்று ஏல மையத்தில் எல்லோரிடமும் சொல்பவர். அருண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது, அவன் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டதும் கல்லூரிக்கு முதல் வருடப் பணத்தை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். திருப்பிக் கேட்டதே இல்லை.

அவர் கிடங்கில் ஒரு பழக்கம் உண்டு. பதினோரு மணிக்கு எல்லோருக்கும் டீ வரும். கணக்குப்பிள்ளைக்கும் தரகர்களுக்கும் கண்ணாடி கிளாஸ். காய் பொறுக்கும் பெண்களில் சிலருக்கு மட்டும் பேப்பர் கப். அந்தக் காலத்து இரட்டைக் குவளை எல்லாம் இப்போது இல்லை என்று சொல்கிறவர்கள் பேப்பர் கப்பைக் கவனிப்பதில்லை. அப்பாவே அதை யோசித்துச் செய்யவில்லை, அவர் அப்பா காலத்தில் சிரட்டையில் ஊற்றினார்கள், இப்போது கப் வந்துவிட்டது, அவ்வளவுதான். நிவேதாவும் இருபத்து நான்கு வயது வரை அதைப் பார்த்ததில்லை. அருண்தான் ஒரு நாள் கோபமே இல்லாமல், "எங்கம்மாவுக்கு உங்க கிடங்குல கிளாஸ்ல டீ குடிக்கணும்னு ஒரு ஆசை இருக்கு" என்று சொல்கிறான். மறுநாள் பதினோரு மணிக்கு அவள் கணக்கிலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறாள்.

கல்லூரிக்குப் பணம் கொடுத்தவரும் அவர், கப்பில் டீ கொடுக்கிறவரும் அவர். இரண்டையும் ஒரே ஆளிடம் வைக்க முடிந்தால் உங்களுக்கு அடியாட்கள் தேவைப்படாது.

நான்காம் படி: இரண்டு பக்கமும் என்ன போகும் என்று எழுதி வையுங்கள்

ஒரு தாளை நடுவில் மடித்து இரண்டு பெயரையும் எழுதுங்கள். இந்தக் காதல் வெளியே தெரிந்தால் யார் எதை இழப்பார்கள்? நிவேதாவுக்கு அப்பா, கணக்குப் புத்தகம், தங்கையின் கல்யாணம், தாய்மாமன் சீர். அருணுக்கு? புதியவர்கள் இந்தப் பக்கத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். அவனுக்கும் வீடு இருக்கிறது. அவன் அம்மாவின் கூலி போகும். வேறு கிடங்கிலும் சேர்க்க மாட்டார்கள். தெருவே பயத்தில் தூக்கம் இழக்கும். அவன் அம்மா காதலுக்குத் தடையாக நிற்பது சாதிப் பெருமையால் இருக்க முடியாது, பிள்ளை உயிரோடு இருக்க வேண்டுமே என்ற பயத்தால் இருக்கும். அந்தப் பயத்தை எழுதாமல் விடுவது அநியாயம். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், ஆள் நடமாட்டத்துக்கு நடுவே, சாதி மாறி மணந்த ஓர் இளம் கணவன் வெட்டிக் கொல்லப்பட்டதை நாடே காமிரா பதிவில் பார்த்தது. அதற்குப் பிறகு இந்த மாதிரிக் கதை எழுதுகிற யாரும் அந்தத் தாயை "பயந்த சுபாவம்" என்று ஒரு வரியில் தாண்டிப் போக முடியாது.

ஐந்தாம் படி: கதைப்பின்னலுக்கு வெளியே தேட வேண்டாம்

மூன்று அங்கம், பதினைந்து திருப்பம் என்று ஏதேதோ அட்டவணைகளை வைத்துக்கொண்டு தடுமாறுகிறவர்களைப் பார்க்கிறேன். வீட்டுக்குத் தெரியாத காதலுக்கு நம் அகப்பாடல் மரபு இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே துறை துறையாக வழி போட்டு வைத்திருக்கிறது. பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்த அதே களவும் கற்பும்தான். நாவல் எழுதுகிறவராக மறுபடி படித்துப் பாருங்கள், ஒவ்வொரு துறையும் ஓர் அத்தியாயம்.

முதலில் குறியிடம். சந்திக்கிற இடம். பகலில் ஒன்று, இரவில் ஒன்று. சின்ன ஊரில் இரண்டு பேர் பேசிக்கொள்ள இடம் கிடைப்பதே பெரும்பாடு. அதை எளிதாக்கிவிடாதீர்கள். நிவேதாவும் அருணும் முதலில் பேசியது அவள் அப்பாவுக்குச் சர்க்கரை பார்க்கப் போன இடத்தில். அடுத்தது எங்கே? தேனி பஸ்ஸிலா, ஜெராக்ஸ் கடையிலா? கைப்பேசி இருக்கிறதே என்பீர்கள். கைப்பேசியும் ஒரு குறியிடம்தான், அதற்கும் காவல் உண்டு. தங்கை பக்கத்தில் படுத்திருக்கும்போது திரை வெளிச்சம் போர்வைக்கு வெளியே தெரியும்.

அடுத்தது தோழி. புதியவர்களின் நாவலில் தோழி கிண்டல் செய்யவும் கடிதம் கொடுக்கவும் மட்டும் வருகிறாள். சங்கப் பாடல்களில் அதிகம் பேசுகிறவளே அவள்தான். தலைவனைத் தடுப்பாள், "எப்போது பெண் கேட்டு வருவாய்" என்று நெருக்குவாள், தாயிடம் பொய் சொல்வாள், தேவைப்படும்போது உண்மையும் சொல்வாள். உங்கள் தோழிக்கும் இழக்க ஏதாவது இருக்க வேண்டும். நிவேதாவின் தோழி அவளுடைய சித்தி மகளாக இருந்தால்? விஷயம் வெளியே வந்தால் அவளுக்குப் பார்த்திருக்கும் வரனும் கலையும்.

இப்போது ஊர்ப்பேச்சு. இதற்கு நம்மிடம் ஒன்றுக்கு இரண்டு சொல் இருக்கிறது, அம்பல், அலர் என்று. இரண்டு பேர் கண்ஜாடை காட்டி முணுமுணுப்பது அம்பல், அரும்பு மாதிரி. ஊரே வாய்விட்டுப் பேசுவது அலர், பூ விரிந்தாயிற்று. திருக்குறளில் இதற்கென்று ஓர் அதிகாரமே இருக்கிறது, 115ஆவது. அம்பலுக்கும் அலருக்கும் இடையே உள்ள நாட்கள்தான் உங்கள் நாவலின் சூடான பகுதி. தயவுசெய்து ஒரே வரியில் "விஷயம் ஊருக்குள் பரவியது" என்று எழுதிவிடாதீர்கள். நம் கதையில் அம்பல் எங்கே தொடங்கும்? காய் பொறுக்கும் இடத்தில். கை வேலை செய்கிறது, வாய் சும்மா இருக்கிறது. பேச்சு வரிசையின் ஒரு முனையில் தொடங்கி நகர்ந்து நகர்ந்து வருகிறது. அருணின் அம்மா அந்த வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் பக்கத்தில் வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. அந்த மௌனத்திலிருந்து அவர் தெரிந்துகொள்கிறார். எதிரே கண்ணாடி அறைக்குள் நிவேதா கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள். நானாக இருந்தால் இந்த ஒரு காட்சிக்கு முழு அத்தியாயம் கொடுப்பேன்.

பிறகு இற்செறிப்பு, வீட்டில் அடைப்பது. இன்றைக்கு யாரும் கதவைப் பூட்டுவதில்லை. "கொஞ்ச நாளைக்குக் கிடங்குக்கு வர வேணாம் தாயி, நானே பாத்துக்கிறேன்" என்பார் அப்பா. கைப்பேசியை "ரிப்பேருக்கு" வாங்கிக்கொள்வார்கள். மதுரையில் அத்தை வீட்டுக்குத் துணைக்கு அனுப்புவார்கள். அன்பாகவே நடக்கும், அதுதான் மூச்சு முட்டும். மகள் இளைத்துப்போனதைப் பார்த்து, முருகன் பிடித்துவிட்டான் என்று தாய் முருகன் பூசாரியான வேலனை அழைத்து வெறியாடச் செய்வது பழைய பாடல்களில் வரும். இப்போது ஜோசியர் வருவார், மந்திரித்த கயிறு வரும், சில வீடுகளில் மனநல மருத்துவரிடம்கூடக் கூட்டிப்போவார்கள். காரணம் என்ன என்று அம்மாவுக்கு உள்ளூரத் தெரியும். தெரிந்தும் கயிறு கட்டுகிறாள் என்று எழுதினால் அந்த அம்மா மறக்க முடியாதவளாகிவிடுவாள்.

அறத்தொடு நிற்றல். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். உண்மையைச் சொல்வதற்கு ஒரு சங்கிலி வைத்திருக்கிறார்கள். தலைவி தோழியிடம், தோழி வளர்ப்புத் தாயான செவிலியிடம், செவிலி பெற்ற தாயான நற்றாயிடம், நற்றாய் தந்தையிடமும் அண்ணன்மாரிடமும். ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போகும்போது விஷயம் உருமாறுகிறது. சித்தி மகள் அப்பத்தாவிடம் சொல்வது ஒரு விதம். அப்பத்தா மருமகளிடம் சொல்வது வேறு விதம். அம்மா அப்பாவிடம் எப்படிச் சொல்வாள்? நேராகச் சொல்ல மாட்டாள். சோறு போட்டுக்கொண்டே, "அந்தக் காய் பொறுக்குற அம்மா மகனுக்கு இன்னும் பொண்ணு அமையலையாம்" என்று ஒரு பேச்சை எடுத்துவிட்டு ரசத்தை ஊற்றுவாள். அவர் கை சோற்றில் நின்றுவிடும். சத்தம் போட்டு அறைகிற காட்சியை எழுதி எழுதி நமக்குச் சலித்துவிட்டது. அந்தக் கை நின்றதை எழுதுங்கள்.

கடைசியில் உடன்போக்கு. ஓடிப்போகிறவர்களை விட்டுவிட்டு, வெறிச்சோடிய வீட்டையும் தேடி அலைகிற தாயையும் எழுதியவர்கள் நம் முன்னோர். வழியில் எதிர்ப்படுகிறவர்களிடம் "அவளைப் பார்த்தீர்களா" என்று செவிலி கேட்கும் பாடல்களைப் படித்தால் தொண்டை அடைக்கும். நிவேதா கிளம்பிய காலையை அவள் பக்கத்திலிருந்து அரை அத்தியாயம் எழுதுங்கள். அப்புறம் கிடங்குக்குத் திரும்பி, அவள் முந்தின இரவே ஒத்தக் காசு பிசகாமல் முடித்துவைத்துவிட்டுப் போன கணக்குப் புத்தகத்தை அப்பா திறந்து பார்ப்பதை ஒரு முழு அத்தியாயம் எழுதுங்கள்.

ஆறாம் படி: சட்டத்தைத் தப்பாக எழுதாதீர்கள்

"ஓடினார்கள், ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டார்கள், மாலையுடன் வெளியே வந்தார்கள்." பாதி நாவல்களில் இதுதான். உண்மை இதைவிடக் கதைக்கு வசதியானது.

பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். இருவரும் வேறு வேறு மதம் என்றால், மதம் மாறாமல் மணக்க 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. அதில் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். அறிவிப்பை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டுவார்கள். ஆட்சேபம் சொல்ல 30 நாள். பிறகு மூன்று சாட்சிகளுடன் திருமணம். முப்பது நாள் அந்தத் தாள் சுவரில் இருக்கும்! பத்திரப் பதிவுக்கு வருகிற சொந்தக்காரர் ஒருவர் அதைப் படித்துவிட்டால் போதும். இந்தப் பதற்றத்தை ஒரே மணி நேரத்தில் முடிகிற பதிவுத் திருமணமாக எழுதி ஏன் வீணடிக்க வேண்டும்?

நிவேதாவும் அருணும் இருவருமே இந்துக்கள் என்று வைத்தால் வழி வேறு. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967இல், இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென்று 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். புரோகிதர் வேண்டாம், தீ வேண்டாம். உறவினரோ நண்பர்களோ முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றினாலும் மோதிரம் போட்டாலும் தாலி கட்டினாலும் அது திருமணம். இதற்கு ஊரறிய அறிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தெளிவாகச் சொன்னது. தமிழ்நாட்டில் எந்தத் திருமணத்தையும் 90 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆகவே பதிவு அலுவலகக் காட்சி பிறகு வரும்.

வயது வந்த இருவர் மணக்கக் குடும்பத்தின் சம்மதமோ ஊரின் சம்மதமோ தேவையில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஒரு தீர்ப்பில் உறுதியாகச் சொல்லி, அப்படிப்பட்ட இணைகளுக்குப் பாதுகாப்புத் தரவும் உத்தரவிட்டது. சட்டம் சொல்வதற்கும் காவல் நிலைய வாசலில் நடப்பதற்கும் நடுவே உள்ள தூரத்தில்தான் உங்கள் நாயகி நிற்கிறாள். "மகளைக் காணவில்லை" என்று அப்பா புகார் கொடுக்கலாம். ஆட்கொணர்வு மனு போட்டால் மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் அவளை நிறுத்துவார்கள். நீதிபதி "யாருடன் போக விரும்புகிறாய்" என்று கேட்பார். அப்பா நாலடி தூரத்தில் நிற்பார். அவள் பதில் இரண்டு சொல்தான். அதற்கு முன்னால் அவள் எங்கே பார்த்தாள் என்பதை எழுத ஒரு பக்கம் வேண்டும்.

இரண்டு பெண்கள் அல்லது இரண்டு ஆண்களின் கதை என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2018 செப்டம்பரில் அது குற்றம் இல்லை என்றாயிற்று. ஆனால் திருமண உரிமையை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் ஏற்கவில்லை. அந்தக் கதையைப் பதிவு அலுவலகத்தில் முடிக்க முடியாது, வேறு முடிவைத் தேடுங்கள்.

ஏழாம் படி: இவற்றைச் சேர்க்காதீர்கள்

பள்ளிக்கூடப் பெண்ணும் வயது வந்த ஆணும் இருக்கிற கதையை ஊர் ஒப்பாத காதல் என்று எழுதாதீர்கள். 18 வயதுக்குக் கீழே இருப்பவர் குழந்தை, 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. கட்டாயத் தாலியும் அப்படித்தான். தூக்கிப்போய்த் தாலி கட்டிவிட்டு, முப்பதாவது அத்தியாயத்தில் அவளுக்கே அவன் மேல் காதல் வந்துவிடுகிற நாவல்கள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கின்றன, நிறையப் பேர் படிக்கவும் செய்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஊர் தடுத்தும் இருவரும் ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் இந்த வகைக் கதையின் உயிர். ஒருத்தி தேர்ந்தெடுக்கவே இல்லை என்றால் அங்கே காதல் எங்கிருந்து வரும்?

எட்டாம் படி: பேச்சு

உரையாடலைக் கதை நடக்கும் ஊரில் கேளுங்கள். போடியில் அப்பா மகளை "தாயி" என்பார், கோபம் வந்தால் முழுப் பெயரையும் சொல்வார். அருணின் அம்மா நிவேதாவைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். ஆனாலும் "நீங்க, வாங்க" என்பார், நிவேதா அவரைப் பெயர் சொல்லி "நீ" என்பாள். சிறுவயதிலிருந்து அப்படித்தான் பழக்கம். காதலித்த பிறகு முதல் சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது அவளுக்கு அந்த "நீ" வாயில் வர மறுக்கிறது. "நீங்க" என்று சொல்லவும் முடியவில்லை, பக்கத்தில் கணக்குப்பிள்ளை இருக்கிறார். பேசாமல் பணத்தை நீட்டுகிறாள். தமிழில் எழுதுவதன் பெரிய வசதி இது, ஒரு விகுதியிலேயே முழுச் சமூகமும் உட்கார்ந்திருக்கிறது. அவள் எந்த அத்தியாயத்தில் முதன்முதலாக "அத்தை" என்று கூப்பிடுவாள் என்பதை இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாள் வரைக்கும் அந்தச் சொல் நாவலில் வேறெங்கும் வரக் கூடாது.

ஒன்பதாம் படி: முடிவு

காதல் நாவலைக் கையில் எடுக்கிற வாசகி, கடைசியில் இருவரும் உயிரோடு, ஒன்றாக இருப்பார்கள் என்று நம்பித்தான் எடுக்கிறாள். அந்த நம்பிக்கையை உடைக்க வேண்டாம் என்பேன். நிஜத்தில் கொல்கிறார்களே என்று கேட்டால், ஆமாம், கொல்கிறார்கள். அதை எழுத வேண்டும் என்றால் அதற்கென்றே ஒரு நாவலாக, முதல் பக்கத்திலிருந்து அதற்கான பொறுப்போடு எழுதுங்கள். கடைசி அத்தியாயத்தில் கண்ணீர் வரவழைக்க ஒரு கொலையை ஒட்டவைப்பது, நிஜமாகவே பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளுக்குச் செய்கிற அவமரியாதை.

அதே சமயம், பேரக்குழந்தை பிறந்தது, அப்பா ஓடிவந்து தூக்கிக்கொண்டார், எல்லாம் சரியாகிவிட்டது என்றும் முடிக்காதீர்கள். எத்தனையோ வீடுகளில் அப்படி நடக்கத்தான் செய்கிறது. ஆனால் அதை எத்தனையோ பேர் எழுதியும்விட்டார்கள். நாலாம் படியில் எழுதிய தாளை எடுத்துப் பாருங்கள். இழப்போம் என்று எழுதியதில் சில நிஜமாகவே போயிருக்க வேண்டும், திரும்பக் கூடாது. அருணின் அம்மா மறுபடி அந்தக் கிடங்குக்குப் போக மாட்டார். தங்கை கல்யாணத்துக்கு நிவேதாவை அழைக்க மாட்டார்கள். எதைத் திருப்பித் தரப் போகிறீர்கள் என்று ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அதையும் முழுசாகத் தர வேண்டாம்.

நான் இந்தக் கதையை எழுதினால் கடைசிக் காட்சி இப்படி இருக்கும். இரண்டு வருடம் ஆகிவிட்டது. அப்பாவுக்குக் காலில் புண் ஆறவில்லை. போடி அரசு மருத்துவமனையில் க.விலக்குக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். காலை எட்டு மணி, ரத்தம் கொடுக்கும் வரிசை. அவர் முறை வந்ததும் உட்கார்ந்து சட்டைக் கையை மடிக்கிறார். எதிரே அருண். அவன் எழுந்து போய் வேறொருவரை அனுப்பலாம். பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள். பெயர் கேட்க வேண்டும், கேட்கிறான். அவர் சொல்கிறார். வயது. சொல்கிறார். மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, நரம்பு தேடி, முழங்கைக்கு மேலே கட்டுகிறான். "கையை மூடிக்கோங்க" என்கிறான். அவர் அவனையே பார்த்துக்கொண்டு விரல்களை மூடுகிறார்.